ஸ்டிக்கர்தான் கிழியணும், விரல் இல்லை! - பிளேடு ஸ்கிராப்பர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

கும்மிடிப்பூண்டியிலோ கவரைப்பேட்டையிலோ ரூம் எடுத்துத் தங்கி, சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற ஆளா நீங்க? ரூமைக் காலி பண்ற அன்னிக்கு ஹவுஸ் ஓனர் முதல்ல எதைப் பார்ப்பார்னு உங்களுக்கே தெரியும். ஜன்னல் கண்ணாடியில நாலு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒட்டின ஸ்டிக்கர், பீரோ கண்ணாடியில காய்ஞ்சு போன டபுள் சைடு டேப், டைல்ஸில் சொட்டின பெயின்ட், பாத்ரூம்ல வெள்ளை வெள்ளையா உப்புக் கறை. "இதெல்லாம் அட்வான்ஸ்ல புடிச்சிப்பேன் தம்பி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவார்.

உடனே நாம என்ன பண்ணுவோம்? ஷேவிங் செட்டிலிருந்து ஒரு பிளேடை உருவி, பேப்பரோட மடக்கி ரெண்டா உடைச்சு, பாதியை விரல் நுனியில பிடிச்சு சுரண்ட ஆரம்பிப்போம். ஸ்டிக்கர் வரும். ரெண்டு நிமிஷத்துல ரத்தமும் வரும். எனக்குக் கட்டை விரலில் அப்படி வாங்கின தழும்பு இன்னும் இருக்கு.

இந்த வேலைக்குன்னே பிளேடு ஸ்கிராப்பர்னு ஒரு சின்ன கருவி இருக்கு. விலை பெருசா ஒண்ணும் இல்லை. ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கினா, விரலுக்குப் பதிலா கண்ணாடியையோ, டைல்ஸையோ, வண்டியையோ பதம் பார்த்துடும். பலரும் பிளேடு எவ்வளவு கூர்மைன்னுதான் பார்க்குறாங்க. எல்லா பிளேடும் கூர்மைதான். அந்த பிளேடை ஹோல்டர் எப்படிப் பிடிச்சு வெச்சிருக்கு, வேலை முடிஞ்சதும் எப்படி உள்ளே ஒளிச்சு வைக்குது என்பதைத்தான் பார்க்கணும்.

பாதி பிளேடு ஏன் வேண்டாம்?

நாம ஷேவ் பண்ற ரெண்டு பக்க பிளேடுக்கு கில்லெட் 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ரேசருக்குள்ள வளைஞ்சு உட்காரணும் என்பதால், அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். ரேசருக்குள்ள மேலும் கீழும் தாங்கல் இருக்கும். வெறும் விரலில் பிடிச்சு அழுத்தினா தாங்கல் ஏது? ஓரளவுக்கு மேல வளைஞ்சதும் பட்டுன்னு உடையும். உடையற துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. கண்ணு பக்கத்துலதான் இருக்கு.

ஸ்கிராப்பருக்கு வர்றது ஒரு பக்கம் மட்டும் கூர் வெச்ச பிளேடு. சுமார் 38 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணரை அங்குல அகலம். தடிமன் 0.23 மில்லிமீட்டர் அளவில், ஷேவிங் பிளேடைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. கூர் இல்லாத பக்கத்துல தகடு மடிச்ச மாதிரி ஒரு முதுகு இருக்கும். அந்த முதுகைத்தான் ஹோல்டர் கவ்விப் பிடிக்குது. அதனாலதான் நல்ல அழுத்தம் கொடுத்தும் சுரண்ட முடியுது.

சிலர் பேப்பர் கட்டரை எடுப்பாங்க. அதுவும் தப்பான ஆயுதம்தான். முனை மழுங்கினா ஒரு துண்டை உடைச்சுப் போட்டு அடுத்த முனையை எடுக்கணும் என்பதுதான் அந்தக் கட்டரோட யோசனையே. 1956-ல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா இதை உருவாக்கினார். அவர்தான் பிறகு ஓல்ஃபா கம்பெனியைத் தொடங்கினவர். உடையறதுக்காகவே கோடு போட்டு வெச்ச பிளேடைப் பக்கவாட்டில் அழுத்திச் சுரண்டினா, அது தன் வேலையைச் சரியாச் செய்யும். உடையும்!

கடையில் எப்படிக் கேட்கணும்?

இதுவே ஒரு சின்னக் கதை. ஹார்டுவேர் கடையில போய் "அண்ணே, ஸ்கிராப்பர் குடுங்க"ன்னு கேட்டா, "பட்டி பார்க்கவா தம்பி?"ன்னு கேட்டுட்டு, அகலமா ஒரு பட்டி பிளேடை எடுத்து நீட்டுவார். அது சுவரில் பட்டி இழுக்கிற தகடு. அதில் கூர் கிடையாது. "பிளேடு மாத்துற மாதிரி, கண்ணாடி சுரண்டுற ஸ்கிராப்பர்"னு சொல்லுங்க. "கார் பிலிம் உரிக்கிறது"ன்னு சொன்னா இன்னும் சீக்கிரம் புரியும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பஜார்ல ஒண்ணு ரெண்டு மாடல் கிடைக்கலாம். நாலஞ்சை கையில எடுத்துப் பார்த்து வாங்கணும்னா, லோக்கல் ட்ரெயின் பிடிச்சு சென்ட்ரல்ல இறங்கி பாரிமுனைப் பக்கம் போறது நல்லது. செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் கருவிக் கடைகள் வரிசையா இருக்கும். ஆன்லைனில் வாங்குறதும் தப்பில்லை. ஆனா இந்தக் கருவியோட தரம் போட்டோவில் தெரியாது, கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாதான் தெரியும். ஆன்லைன்னா, வாங்கினவங்க எடுத்துப் போட்ட போட்டோக்களைப் பாருங்க. பிளேடு மாட்டுற வாய்ப் பகுதியை யாராவது கிட்டத்துல படம் எடுத்திருந்தா அதுதான் உங்களுக்கு வேணும்.

பொதுவா நாலு வகை கிடைக்கும். பாக்கெட்ல போடற மாதிரி சின்னது. பிளேடு உள்ளே போய் வெளியே வரும். வீட்டுக்கு இதுவே போதும். அடுத்தது கொஞ்சம் நீளமான கைப்பிடி வெச்சது. ஸ்க்ரூ போட்டு பிளேடை இறுக்கணும். அழுத்தம் அதிகம் வேண்டிய இடத்துக்கு, வண்டி வேலைக்கு இது நல்லது. மூணாவது, நாலு அங்குல அகலத்துல தடிமனான பிளேடு போட்ட பெரியது. தரையில் காய்ஞ்ச பெயின்ட், வால்பேப்பர், ஒட்டு எடுக்க. புதுசா கட்டின வீட்டுக்குக் குடி போறவங்களுக்கு ஒரு வாரம் உபயோகப்படும், அப்புறம் பரண்ல கிடக்கும். பக்கத்து வீட்டுல இரவல் வாங்கிக்கோங்க. நாலாவது பிளாஸ்டிக் பிளேடு போட்டது. இதைப் பார்த்தா யாருக்கும் மதிப்பே வராது. ஆனா நிறைய வேலைக்கு இதுதான் சரி. அதுக்குப் பிறகு வர்றேன்.

கையில எடுத்து எதைப் பார்க்கணும்?

முதல்ல பிளேடு மாட்டச் சொல்லுங்க. மாட்டினதும், கூர் பக்கம் விரல் போகாம, பிளேடின் ரெண்டு ஓரத்தையும் பக்கவாட்டில் லேசா ஆட்டிப் பாருங்க. ஆடினா வைங்க, அடுத்ததை எடுங்க. பிளேடு அரை மில்லிமீட்டர் ஆடினாலும், சுரண்டும்போது ஒரு மூலை மட்டும் முன்னாடி வந்து கண்ணாடியில் கோடு இழுத்துடும். சில மலிவான மாடல்கள்ல வாய்ப் பகுதி மெல்லிய தகடு. நாலு தடவை பிளேடு மாத்தினதும் வாய் விரிஞ்சிடும். அப்புறம் எந்த பிளேடு போட்டாலும் ஆடிக்கிட்டேதான் இருக்கும்.

ரெண்டாவது, லாக். பிளேடை வெளியே தள்ளி, லாக் விழுந்ததும், ஸ்கிராப்பரை ஒரு மரக்கட்டை மேல வெச்சு அழுத்துங்க. கடைக்கார அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார். அழுத்தத்துல பிளேடு தானா உள்ளே வழுக்கிப் போனா அது லாக் இல்லை, அலங்காரம். அதே மாதிரி உள்ளே இழுத்து லாக் பண்ணிட்டு, தலைகீழாக் கவுத்து உதறிப் பாருங்க. பிளேடு கொஞ்சம்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. பாக்கெட்டுலயோ டூல் பாக்ஸ்லயோ கையை விடும்போது நம்மளைக் காப்பாத்தப் போறது இந்த ஒரு லாக்தான். நான் ஒண்ணே ஒண்ணுதான் பார்ப்பேன்னு சொல்றவங்க இதை மட்டுமாவது பாருங்க.

உள்ளே போற வசதி இல்லாத மாடல்னா, மேல மாட்டுற மூடி இருக்கணும். அந்த மூடி டைட்டா உட்காரணும். மூடி தொலைஞ்சு போகும், தொலையாம இருந்ததா சரித்திரமே இல்லை. அதனால உள்ளே போற மாடலுக்குத்தான் என் ஓட்டு.

மூணாவது கைப்பிடி. கடையில் காய்ஞ்ச கையோடு பிடிச்சுப் பார்த்து ஏமாந்துடாதீங்க. வேலை பண்ணும்போது உங்க கையில் சோப்புத் தண்ணியோ கிரீஸோ இருக்கும். மொழுமொழுன்னு இருக்கிற உலோகக் கைப்பிடி அப்போ மீன் மாதிரி வழுக்கும். ரப்பர் பிடியோ, குறைஞ்சபட்சம் சொரசொரப்போ வேணும்.

கடைசியா, மாத்து பிளேடு. இதை மறந்துட்டு நல்ல ஹோல்டர் வாங்கி வீட்டுல சும்மா வெச்சிருக்கிறவங்க நிறைய. முன்னாடி சொன்ன ஒண்ணரை அங்குல ஒரு பக்க பிளேடு பொதுவான அளவு. எந்தக் கம்பெனி பிளேடும் பெரும்பாலும் பொருந்தும். சில மாடல்களுக்கு அந்தக் கம்பெனியோட தனி அளவு பிளேடு மட்டும்தான் போகும். ஹோல்டர் விலை கம்மியா இருந்தாலும் அதைத் தவிருங்க. ஹோல்டர் வாங்கும்போதே ஒரு டப்பா பிளேடும் சேர்த்து வாங்கிடுங்க. பிளேடு மிச்சம் பிடிக்கணும்னு நினைச்சு மழுங்கினதையே அழுத்தி அழுத்திச் சுரண்டும்போதுதான் கை நழுவும்.

பிளேடிலும் ரெண்டு உண்டு. கார்பன் ஸ்டீல் நல்ல கூர்மையா இருக்கும், ஆனா சட்டுன்னு துரு பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மெதுவா வேலை பண்ணும், துருவுக்குத் தாக்குப் பிடிக்கும். பழவேற்காடு, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கடல் காத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தோட கார்பன் பிளேடை வெச்சா மறுநாளே விளிம்புல பழுப்பு தட்டிடும். துரு பிடிச்ச விளிம்பு ரம்பம் மாதிரி. அதைக் கண்ணாடியில் வெச்சீங்கன்னா கோடு கோடா இழுத்துடும். பாத்ரூமுக்கு ஸ்டெயின்லெஸ். வண்டி வேலைக்குக் கார்பன், முடிஞ்சதும் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைங்க.

தண்ணி இல்லாம தொடாதீங்க

"பிளேடு போட்டேன், கண்ணாடி கீறிடுச்சு"ன்னு புலம்பறவங்களைப் பார்த்திருப்பீங்க. உண்மையில பெரும்பாலும் கீறினது பிளேடு இல்லை, மணல். பொருள்களோட கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் 5.5. சாதாரண மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. நம்ம ஏரியாவில் லாரி போய்க்கிட்டே இருக்கிற ரோட்டு ஓரத்து ஜன்னல்ல எவ்வளவு தூசி படியும்னு யோசிங்க. காய்ஞ்ச கண்ணாடி மேல பிளேடை வெச்சுத் தள்ளினா, அந்த மணல் துகள் பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டி, உளி மாதிரி கோடு போடும்.

அதனால முதல்ல கண்ணாடியைக் கழுவுங்க. அப்புறம் ஒரு மக் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து, சுரண்டப் போற இடத்தைத் தாராளமா நனைங்க. பிளேடைக் கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வா வைங்க. செங்குத்தா வெச்சா குத்தும், ரொம்பப் படுக்க வெச்சா வழுக்கிட்டுப் போகும். ஒரே திசையில், உங்களை விட்டு வெளிப்பக்கமா மட்டும் தள்ளுங்க. தள்ளினதும் பிளேடைத் தூக்கி, பழைய இடத்துக்குக் கொண்டு வந்து திரும்பத் தள்ளுங்க. முன்னும் பின்னுமா தேய்க்கவே கூடாது. பின்னாடி இழுக்கும்போதுதான் பிளேடுக்கு அடியில் மணல் சிக்கும். இன்னொரு கை? அது பிளேடு போற பாதையில் இருக்கவே கூடாது. கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கணும்னு தோணினாலும் பின்பக்கமா பிடிங்க.

ஸ்டிக்கரை எடுக்கணும்னா சுரண்டல் கடைசி வேலைதான். மேல் பேப்பரைக் கையால உரிச்சுட்டு, மிச்சத்தைச் சோப்புத் தண்ணியிலயோ தேங்காய் எண்ணெயிலயோ கால் மணி நேரம் ஊற விடுங்க. வினைல் ஸ்டிக்கர்னா ஹேர் டிரையர் சூடு காட்டினா ஒட்டு இளகிடும். ஊறினப்புறம் ஸ்கிராப்பர் அப்படியே அள்ளிட்டு வரும். பெட்ரோல் ஊத்தி எடுக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க. மூடின ரூம்ல பெட்ரோல் ஆவி நிறைய, பக்கத்துல யாரோ ஸ்டவ் பத்த வைக்க... அட்வான்ஸை விட்டுத் தள்ளுங்க, உயிரே போயிடும்.

பாத்ரூம் உப்புக் கறை தனி சப்ஜெக்ட். நம்ம பக்கம் போர் தண்ணி எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறினதை 1960-களின் கடைசியிலேயே ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. பக்கத்துல காட்டுப்பள்ளியில் 2010-ல் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கிற கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையே வந்தாச்சு. டைல்ஸில் படியுற வெள்ளைப் படலம் பெரும்பாலும் கால்சியம் உப்பு. அதை வெறும் பிளேடால் செதுக்குறது முட்டாள்தனம். வினிகரில் நனைச்ச துணியை அரை மணி நேரம் போர்த்தி வைங்க, கரைஞ்சிடும். மிச்சத்தைப் பளபளப்பான கிளேஸ்டு டைல்ஸாக இருந்தா ஸ்கிராப்பரால எடுக்கலாம். மேட் ஃபினிஷ் டைல்ஸில் ஸ்டீல் பிளேடு பென்சில் மாதிரி கறுப்புக் கோடு போட்டுடும். மார்பிளில் வினிகரே கூடாது, கல்லை அரிச்சிடும். வினிகரோ ஆசிடோ எதுவா இருந்தாலும் பிளீச்சிங் பவுடரோட கலக்கவே கலக்காதீங்க. வர்றது குளோரின் வாயு.

ஸ்டீல் போகக் கூடாத இடங்கள்

இங்கதான் அந்த மதிப்பில்லாத பிளாஸ்டிக் பிளேடு ஹீரோ ஆகுது. யூ.பி.வி.சி ஜன்னல் ஃபிரேம், லேமினேட் ஒட்டின வார்ட்ரோப், குரோம் பூசின குழாய், பைக் டேங்க், கார் பாடி, ஃபிரிட்ஜ் கதவு எல்லாத்துக்கும் பிளாஸ்டிக்தான். ஹெல்மெட் வைசரும் கார் ஹெட்லைட்டும் கண்ணாடி மாதிரி தெரியும், ஆனா பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ஸ்டீல் பட்டா போச்சு. தின்னர் பட்டா வெளுத்து, வெடிப்பு விட்டுடும்.

போன் டிஸ்ப்ளே மேல உடைஞ்ச டெம்பர்டு கிளாஸை பிளேடால கிளப்புறீங்களா? அந்த டிஸ்ப்ளேவில் விரல் ரேகை ஒட்டாம இருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, அது போயிடும். ஓரத்தில் ஒரு பழைய ஏ.டி.எம் கார்டை நுழைச்சு மெதுவா தூக்குங்க.

டஃபன்ட் கிளாஸில், அதாவது ஷவர் கதவு, கிளாஸ் டாப் அடுப்பு மாதிரி இடங்கள்ல, ஜாக்கிரதை. அந்தக் கண்ணாடியைச் சூளையில் போட்டு எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் மேல்பரப்பில் ஒட்டிக்கிட்டு வர்றதுண்டு. பிளேடு அந்தத் துகளைப் பேர்த்து இழுத்துட்டுப் போனா நீளக் கோடுதான். ஒரு மூலையில் விரலால தடவிப் பாருங்க. உப்புத்தாள் மாதிரி நெருடினா ஸ்டீல் வேண்டாம். அடுப்புனா கூட வந்த கையேட்டை ஒரு தடவை புரட்டுங்க. எதுவா இருந்தாலும் நல்லா ஆறினப்புறம்தான்.

வண்டிக்கு

கொல்கத்தா ஹைவேயில் டெய்லி போய் வர்றவங்களுக்கு ஃபாஸ்டேக் மாத்துறது ஒரு வேலை. விண்ட்ஷீல்டு உள்பக்கம் ஒட்டியிருக்கிற பழைய டேகை ஸ்கிராப்பரால எடுக்கலாம். ஆனா எடுத்தா அது செத்துடும். கழட்டி இன்னொரு வண்டியில் ஒட்டக் கூடாது என்பதற்காகவே கிழிஞ்சு போற மாதிரிதான் செய்யறாங்க. அதனால புது டேக் கைக்கு வந்து ஆக்டிவேட் ஆகுறதுக்கு முன்னாடி பழசில் கை வைக்காதீங்க. டேஷ்போர்டு மேல ஒரு டவல் விரிச்சுட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் அளவா தண்ணி அடிச்சு வேலையைப் பாருங்க.

அடுத்தது சன் பிலிம். 2012 ஏப்ரல் 27-ம் தேதி, அவிஷேக் கோயங்கா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு பிலிம் ஒட்டத் தடை போட்டுச்சு. அதுக்கப்புறம் சிக்னல்ல போலீஸே காரை நிறுத்தி பிலிமை உரிச்ச காட்சியைப் பார்த்தவங்க வீட்டுல அப்பாவைக் கேளுங்க. இன்னிக்கும் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினா பழைய பிலிமை எடுக்கிற வேலை தலையில விழும். பக்கக் கண்ணாடியில் வெயில்ல நிறுத்தி சூடேத்தி, மூலையிலிருந்து உரிச்சு, மிச்ச ஒட்டை ஈரமா சுரண்டலாம். பின்பக்கக் கண்ணாடிதான் கண்டம். உள்பக்கமா கிடைமட்டமா ஓடுற மெல்லிய கோடுகள் தெரியுதா? அது பனியை விரட்டுற டீஃபாகர் கம்பி, கண்ணாடி மேலயே அச்சிட்டது. ஸ்டீல் பிளேடு ஒரு தடவை குறுக்கே போனா கோடு அறுந்து அந்த வரிசை வேலை செய்யாது. அங்கே சூடு, சோப்புத் தண்ணி, பிளாஸ்டிக் பிளேடு, பொறுமை. வேற வழி இல்லை.

பைக் இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஹெட்டிலும் கிராங்க் கேஸ் மூடியிலும் ஒட்டிக்கிட்டிருக்கிற பழைய கேஸ்கெட்டைப் பார்த்ததும் ஸ்கிராப்பரை எடுக்கத் தோணும். அந்தப் பரப்பு அலுமினியம், மெத்தை மாதிரி மிருதுவான உலோகம். பிளேடின் மூலை ஒரு சின்னக் குழி போட்டாலே புது கேஸ்கெட் போட்டாலும் ஆயில் கசியும். கேஸ்கெட் ரிமூவர் போட்டு ஊற வெச்சு, பிளாஸ்டிக் பிளேடால ஆரம்பிங்க. ஸ்டீல் எடுத்தே ஆகணும்னா புது பிளேடா, தட்டையா, மூலை படாம. பழைய வண்டிகளோட கேஸ்கெட்டில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். உலர்ந்த நிலையில் சுரண்டி ஊதித் தள்ளாதீங்க. நனைச்சுச் சுரண்டி, ஈரத் துணியில் துடைச்சு எடுங்க.

பழைய வீட்டுக் கதவு, ஜன்னல் கம்பி பெயின்ட்டுக்கும் இதே விதி. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற மத்திய அரசு விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட் எப்படி இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது. குழந்தைகள் இருக்கிற வீடுனா, அவங்களை வெளியே அனுப்பிட்டு, மாஸ்க் போட்டு, நனைச்சு மட்டும் சுரண்டுங்க. உதிர்ந்ததைப் பெருக்காதீங்க, ஈரத் துணியால அள்ளுங்க.

வெட்டிடுச்சுன்னா...

சுத்தமான துணியால பத்து நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க. நடுநடுவே எடுத்துப் பார்க்காதீங்க. காபித் தூள், மஞ்சள், பேனா மை எதுவும் வேண்டாம். ரத்தம் நின்னதும் ஒரு டெஸ்ட். அடிபட்ட விரலை மட்டும் தனியா மடக்கி நீட்டுங்க. நுனியைத் தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாருங்க. மடக்க முடியலை, மரத்துப் போன மாதிரி இருக்குன்னா காயம் சின்னதா தெரிஞ்சாலும் உள்ளே தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். பிளேடு காயத்தோட வஞ்சகமே இதுதான், வெளியே ஒரு கோடு, உள்ளே ஆழம். பிளாஸ்திரி ஒட்டிட்டு நைட் ஷிஃப்ட்டுக்குப் போயிடாதீங்க. நாள் தள்ளினா அறுந்த தசைநாண் சுருங்கிடும், சேர்க்கிறது கஷ்டம்.

நம்ம ஏரியாவுக்கு ஒரு நல்ல விஷயம், திருவள்ளூர்லயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்குன்னே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கு. டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்தது; மெஷின்ல கை கொடுத்த எத்தனையோ தொழிலாளர்கள் அங்கேதான் விரலைத் திரும்பப் பெற்றாங்க. போகும்போது டி.டி. ஊசி கடைசியா எப்போ போட்டீங்கன்னு யோசிச்சு வெச்சுக்கோங்க, முதல்ல அதைத்தான் கேட்பாங்க.

பழைய பிளேடை என்ன பண்றது?

குப்பைக் கவரில் அப்படியே போடாதீங்க. காலையில உங்க தெருவுக்கு வர்ற தூய்மைப் பணியாளர் அக்கா அந்தக் கவரைக் கையால பிரிச்சுத்தான் மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிப்பாங்க. அவங்க கையில் கிளவுஸ் இருக்கும்னு நிச்சயம் கிடையாது, இருந்தாலும் பிளேடுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மூடி போட்ட ஒரு பழைய டின் எடுங்க. மூடியில் பிளேடு நுழையற அளவுக்கு ஒரு பிளவு போட்டு, மூடியைச் சுத்தி டேப் ஒட்டிடுங்க. உண்டியல் மாதிரி. மழுங்கின பிளேடு, உடைஞ்ச கட்டர் துண்டு, ஷேவிங் பிளேடு எல்லாம் அதுக்குள்ள. ரூம்ல நாலு பேர் இருந்தாலும் அது நிறைய வருஷக்கணக்கு ஆகும். நிறைஞ்சதும் பிளவையும் டேப் போட்டு மூடி, மேல 'பிளேடு'ன்னு பெருசா தமிழ்ல எழுதி, கையில் கொடுத்துச் சொல்லிடுங்க. நம்ம பக்கம் ஹிந்தி பேசுற பணியாளர்களும் இருக்காங்க, அதனால ஒரு பிளேடு படமும் வரைஞ்சுடுங்க.